அசையாதே என்றோம்

ஒரே நாள், ஆடிச் சாரல்.
ஒரே எலும்பு, வலது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்.
ஆசாரிப்பள்ளம் அவசரப் பிரிவுக்குப்
பத்து நிமிட இடைவெளியில் வந்தார்கள்
குலசேகரத்து ரப்பர்த் தோட்டத்தில் வழுக்கிய தாசையனும்
முட்டத்தில் வள்ளம் தள்ளும்போது விழுந்த ததேயுஸும்.

நான் அப்போது பயிற்சி மருத்துவர்.
மாவுக்கட்டு காயும்வரை
குதிகாலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.
இரண்டு குதிகால்களின் எடையும் இன்னும் கையில் இருக்கிறது.

அசையாதே என்றோம்.

தாசையன் கேட்டார்.
தும்மல் வந்தால்கூட
தொடையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாராம்.
ததேயுஸ் மூன்றாம் வாரமே
கட்டோடு கடற்கரைக்குப் போய் வலை பிரித்திருக்கிறார்.
அறுத்தபோது உள்ளே மணல், ஒரு சிப்பித் துண்டு,
கால்விரல் இடுக்கில் சாளைச் செதில்.
தலைமை மருத்துவர் திட்டிய திட்டில்
பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் வாரம்
இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.
சொல் கேளாதவரின் எலும்பைச் சுற்றி
பலாமரத்தின் பழைய வெட்டைப்போல வெள்ளையாய்ப் புடைத்த முடிச்சு.
சொல் கேட்டவருடையதில்
கறுப்புக் கோடு, அன்று இருந்தபடியே.

"நாளும் வெட்டுனாலும் ரப்பருக்குப் பட்டை பிடிச்சிரும் டாக்டரே.
எனக்கு ஒரே ஒரு முறிவு.
அதும் பிடிக்கல்ல."

ஏன் சார் என்று கேட்டேன்.
"யோகம்" என்றார் தலைமை மருத்துவர். "அடுத்த ஆள்."
குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதி
கேள்விக்குறி ஒன்று போட்டேன்.
நேர்காணல்களில் வேறு காரணங்கள் சொல்வேன்,
மேலானவை.

வீட்டில் தோல் மருத்துவம் என்று முடிவாகியிருந்தது.
அப்பா செட்டிகுளத்தில் ஒரு மாடிக்கு
முன்பணமே கொடுத்துவிட்டார்.
அது திரும்ப வரவில்லை.

ஆவண அறையில் நூற்று இருபத்து மூன்று கோப்புகள்.
ஒன்பதை எலி தின்றிருந்தது.
பீடி, சர்க்கரை, வயது என்று கட்டம் போட்டுப் பார்த்தேன்.
பீடி குடித்தவர் ததேயுஸ்.
பாடப்புத்தகம் இந்த இருவரிடம் மட்டும் தோற்றது.

பிறகு எலிகளே என் கோப்புகளாயின.
முறிந்த தொடையெலும்பை
ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அசைக்க
ஒரு கருவி வேண்டும்.
கோட்டாறு லேத் பட்டறையில் மாகின்
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"எந்த வாட்சுக்கு அக்கா?" என்றான்.

அறநெறிக் குழுவில் ஒரு பெண்மணி கேட்டார்:
எலிக்கு வலிப்பதை எப்படி அறிவீர்கள்?
பதில் இல்லை.
மூன்று மாதம் கழித்து, பதிலோடு போனேன்.
எலி முகம் சுளிக்கும்.
கண் சுருங்கும், காது பின்னால் போகும்.
அதைப் பார்க்கப் பழகியபின்
பேருந்தில் எதிரே இருப்பவர்களையும்
அப்படித்தான் பார்க்கிறேன்.

அசைக்காதவை ஒட்டவில்லை.
அதிகம் அசைத்தவையும் ஒட்டவில்லை.
நடுவே ஒரு கூண்டு வரிசை,
நாளைக்குக் கால் மணி நேரம், மெல்ல.
நான்காம் வாரத்து நுண்ணோக்கியில்
குருத்தெலும்பு நீலம், எலும்பு சிவப்பு.
நீலத்துக்குள் சிவப்பு இறங்கியிருந்தது,
தேங்காய்ப்பட்டணத்தில் செம்மண் வெள்ளம் கடலேறுவதுபோல்.
எல்லை இதுதான் என்று
விரல் வைக்க முடியவில்லை.
இரவு ஒன்றரை மணி.
சொல்ல ஆளில்லாமல் மாகினுக்கு அனுப்பினேன்.
காலையில் கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்திருந்தது.

தாசையனுக்கு இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்தார்கள்.
பிடித்தது, கொஞ்சம் கோணலாக.
கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார்.
"அப்பம் நான் ஆட்டியிருக்கணுமா?"

பதினொரு எலிகள்.
ஆம் என்று சொல்ல
பதினொரு எலிகள் போதாது.
இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.
"எலிக்கு அப்படி" என்றேன்.

"எலிக்க யோகம்" என்று சிரித்தார்.

வாசல்வரை கூடப் போனேன்.
குலசேகரம் பேருந்தின் உயரமான படியில்
இடது காலை முதலில் வைத்தார்.
வலது கால் பின்னால் வந்து சேர எடுத்த நேரத்தை
பழக்கத்தில்
எண்ணிக்கொண்டிருந்தேன்.